நூறு யென் கடன்காரன்

கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டு ஓடினவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடன் வாங்கினதாலேயே ஓர் ஊருக்குள் நுழைந்தவனைப் பார்த்திருக்கிறீர்களா? சாட்சாத் அடியேன்தான்! கடன் தொகை: நூறு யென். நம் கணக்கில் ஐம்பத்தைந்து, அறுபது ரூபாய். கொடுத்தவர்: ஒரு ஜப்பானியப் பாட்டி. வாங்கின சரக்கு: ஐந்து கத்தரிக்காய்.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம். ஆறு வருஷமாக ஜப்பானில் ஜாகை. டோக்கியோவுக்கு வடகிழக்கே இபாராகி என்று ஒரு மாநிலம். அதில் சுச்சியூரா என்கிற ஊரில் வீடு. பக்கத்து சுகுபா நகரத்தில் ஆபீஸ். ஊரை ஒட்டி, ஜப்பானின் இரண்டாவது பெரிய ஏரி. அதன் பெயர் கஸுமிகவூரா. 'ஊரா' என்றால் உள்ளே வளைந்து வந்த நீர்ப்பரப்பாம். ஆனால் எனக்கென்னவோ, ஒவ்வொரு பெயர்ப் பலகையும் "நம்மூரா, வெளியூரா?" என்று விசாரிக்கிற மாதிரியே இருக்கும்.

பதில் தெரிந்ததுதான். வெளியூர்! அதற்கு அத்தாட்சியாக ஓர் அட்டையே கொடுத்திருக்கிறார்கள். வெளியே கிளம்பினால் அது பையில் இருந்தாக வேண்டும். ரயிலில் ஏறினால் சில நாள் என் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வரும். முதல் வருஷம் அதை மரியாதை என்று நினைத்தேன். இரண்டாம் வருஷம், காலையில் சாப்பிட்ட வெங்காய சாம்பாரோ என்று சந்தேகப்பட்டேன். மூன்றாம் வருஷம் பையை அந்த சீட்டில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரியாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான், போன வருஷம், என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். முகத்தைப் பார்த்தே மொழிபெயர்த்துக்கொண்டேன். சர்க்கரை!

"இனிமே ஞாயித்துக்கிழமை சோபாவுல படுத்தீங்கன்னா சோபாவை வித்துடுவேன்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னால் செய்வாள். அந்த வாரமே, ஊரைக் காலி செய்துகொண்டு புனேவுக்குத் திரும்பிய நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். முன்னால் கூடை, பின்னால் கேரியர், குறுக்கே பார் கிடையாது. அம்மாக்கள் காய்கறி வாங்கப் போகிற வண்டி. இங்கே அதற்குப் பெயர் 'மாமாசாரி'. ஏதோ வைஷ்ணவப் பெரியவர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

சைக்கிள் நமக்கென்ன புதுசா! அரைமணி வாடகைக்கு எடுத்து, குரங்கு பெடல் போட்டு, முழங்காலில் பாதித் தோலை மன்னார்குடி ரோட்டுக்குத் தானம் செய்தவன் நான். ஆனால் இங்கே சைக்கிளுக்கு இருக்கிற சட்டங்களைக் கேட்டால் நம்மூர்ப் பையன்கள் அழுதுவிடுவார்கள். டபுள்ஸ் கூடாது. குடை பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. செல்போனைத் தொடவே கூடாது. 2023 ஏப்ரலிலிருந்து எல்லோரும் ஹெல்மெட் போட 'முயற்சி செய்ய வேண்டும்'. (சட்டமே அப்படித்தான். முயன்று தோற்றால் அபராதம் இல்லை!) எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றுதான் தாங்க முடியவில்லை. ஆபத்து இருந்தாலொழிய, அல்லது அதற்கென்று பலகை வைத்த இடத்திலொழிய மணி அடிக்கக் கூடாதாம்! அடித்தால் குற்றம். அப்புறம் மணியை எதற்கு வைத்தார்கள்? வைத்திருக்கத்தான் வேண்டுமாம். சாமி விக்கிரகம் மாதிரி.

முதல் நாளே போலீஸ். நல்ல மனிதர், குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். இங்கே ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் வண்டியில் ஸ்டிக்கர் இருந்தது. ஆனால் பெயர், புனே நண்பருடையது. நாற்பது நிமிஷம். அட்டையைக் காட்டினேன், ஆபீஸ் அட்டையைக் காட்டினேன், கடைசியில் புனேவுக்கே போன் போட்டேன். நண்பர் தூக்கக் கலக்கத்தில் "எந்த சைக்கிள்?" என்றார் பாருங்கள்... அந்த ஒரு நொடியில் ஜப்பானிய சிறைச்சாலை சாப்பாட்டில் மீன் இருக்குமா என்று யோசித்துவிட்டேன். ஒரு வழியாக விட்டார்கள். "வெளியூரா?" என்ற கேள்விக்கு இன்னொரு முத்திரை.

சைக்கிளை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கிளம்பினேன். எங்கள் ஊரிலிருந்து வடக்கே இவாசே வரைக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1918-ல் திறந்த நாற்பது கிலோமீட்டர் கிளைப்பாதை. ஆள் குறைந்து, வருமானம் குறைந்து, 1987-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் அந்த இடத்தைப் பிளாட் போட்டு விற்கவில்லை. தார் போட்டு சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள்! இப்போது கஸுமிகவூரா ஏரியைச் சுற்றுகிற பாதையையும் அதோடு சேர்த்து சுமார் 180 கிலோமீட்டர். 2019-ல் தேசிய சைக்கிள் பாதை என்று அந்தஸ்தும் கொடுத்தாகிவிட்டது.

ரயில் போன வழி என்பதால் மேடு பள்ளம் அதிகம் கிடையாது. என் போன்ற கதாநாயகர்களுக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் வயல். மே மாதம் வயலெல்லாம் தண்ணீர் கட்டி, அதில் சுகுபா மலை தலைகீழாகத் தெரியும். அந்த மலைக்கு இரட்டைச் சிகரம். ஒன்று ஆண், ஒன்று பெண். பெண் சிகரம் 877 மீட்டர். ஆண் சிகரம் அதைவிட ஆறு மீட்டர் குள்ளம். மனைவியிடம் சொன்னபோது, "மலைக்காவது தெரிஞ்சிருக்கே" என்றாள்.

அந்த மலை இன்னொன்றுக்கும் பிரசித்தம். தேரைத் தைலம்! ஒரு காலத்தில் வியாபாரி நடுரோட்டில் நின்று கத்தியை உருவி, காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டி, 'இந்தக் கத்தி பட்ட காயமும் இந்தத் தைலத்தில் ஆறும்' என்று வாய்ஜாலம் காட்டி விற்பாராம். அந்த வாய்ஜாலத்தை இன்றைக்கும் கலை நிகழ்ச்சியாக நடத்துகிறார்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டு லேகியக்காரர்கள் யாரும் இங்கே வந்து குடியேறியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பழைய ஸ்டேஷன்களின் பிளாட்பாரங்கள் சில அப்படியே இருக்கின்றன. 1987-ல் போன ரயிலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிற மாதிரி. அதில் ஒன்றில் உட்கார்ந்து எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டேன். எதிரே ஒரு பெரியவர் நடவு மிஷினில் உட்கார்ந்தபடி நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று நாற்றுத் தட்டு எடுத்துக் கொடுத்தது அவர் மனைவியாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எண்பதுக்குக் குறையாது. ஒரு வயலுக்கு ஒரு கிழவர், ஒரு கிழவி, ஒரு மிஷின். குலவை இல்லை, பாட்டு இல்லை, 'ஏ புள்ளே' என்று கூப்பிட ஆள் இல்லை. ஜப்பானில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 2024-ல் சுமார் 69. இதைப் படித்தபோது வெறும் எண்ணாக இருந்தது. வரப்பில் பார்த்தபோது முதுகு வளைந்திருந்தது.

ஆனால் ஒன்று. அந்தப் பெரியவர் நடவை நிறுத்திவிட்டு எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். சைக்கிளில் எதிரே வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் "கொன்னிச்சிவா!" என்று கத்திக்கொண்டு போனார்கள். ரயிலில் கிடைக்காத வார்த்தைகள் எல்லாம் ரயில் போன பாதையில் கிடைத்தன. அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சோபாவுக்கு வேலையில்லை.

ஜூலை மாதம். மகாபே என்கிற பழைய ஊருக்குக் கொஞ்சம் முன்னால், பாதையைவிட்டு ஒரு கிராமத்துச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினேன். மகாபே, கல்வேலைக்குப் பேர் போன இடம். அதனால் அந்தப் பக்கத்தில் சின்ன வீட்டு வாசலிலும் பெரிய கல்விளக்கு நிற்கும். அப்படி ஒரு வீட்டு வாசலில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னத் தட்டி. அதில் பை பையாகக் காய்கறி. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா, மூடியில் காசு போடத் துளை. 'ஒரு பை நூறு யென்'. கடைக்காரர் கிடையாது. பூட்டு கிடையாது. கேமரா கிடையாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஜப்பானியக் கிராமங்களில் இது சகஜம். நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன்.

கத்தரிக்காய்! கரு ஊதாவில், குட்டிக் குட்டியாக, மினுமினுவென்று ஐந்து. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கென்றே பிறந்தவை. பையை எடுத்துக் கூடையில் வைத்துவிட்டுப் பர்ஸைத் திறந்தால்... உள்ளே ஒரே ஒரு பத்தாயிரம் யென் நோட்டு. சில்லறை பைசா கிடையாது. டப்பாவிடம் பாக்கி கேட்க முடியுமா?

வைப்பதா, எடுப்பதா என்று நான் கையில் பையோடு திண்டாடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீசான்!"

தூக்கிவாரிப் போட்டது. நீசனா! காசு போடாமல் கத்தரிக்காயோடு நிற்கிறவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? திரும்பினேன். இடுப்பு வளைந்து, தலையில் துணித்தொப்பி கட்டி, ஒரு பாட்டி. அப்புறம்தான் உறைத்தது. 'நீசான்' என்றால் இங்கே அண்ணே, தம்பி என்கிற மாதிரி. நாற்பத்தைந்து வயசுத் தொந்தியைத் தம்பி என்று கூப்பிட்ட புண்ணியவதி!

நோட்டைக் காட்டினேன். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்தது ஆபீஸ் ஜப்பானிய மொழி. பாட்டி பேசியது அசல் இபாராகிக் கொச்சை. ஒவ்வொரு வாக்கியத்தையும் 'தப்பே' 'தப்பே' என்று முடித்தார். செய்தது தப்புதான், ஆனால் அதைத் தமிழிலேயே சொல்லிக் காட்ட வேண்டுமா? பிறகுதான் ஆபீஸில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பக்கத்துப் பேச்சில் 'தப்பே' என்றால் 'இல்லியா', 'போலிருக்கே' என்று அர்த்தம்.

பாட்டி சொன்னதன் சாரம் இது: "இன்னிக்குக் கொண்டு போ. அடுத்த தடவை வர்றப்போ போடு. எந்த ஊரு? இந்தோவா? அவ்வளவு தூரத்துலேர்ந்து சைக்கிள்லயா வந்தே?"

அவராகவே சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் பேர் கேட்கவில்லை. அட்டை கேட்கவில்லை. போன் நம்பர் கேட்கவில்லை.

எண்ணெய்க் கத்தரிக்காய் பிரமாதம். ஆனால் கதையைக் கேட்ட மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். "கடனா? முதல்ல போய்க் கொடுத்துட்டு வாங்க. இந்தியாக்காரன் நூறு யென்னை ஏப்பம் விட்டுட்டான்னு ஊரே பேசப்போறது."

அடுத்த ஞாயிறு கொட்டுகிற மழை. அதற்கடுத்த ஞாயிறு ஆபீஸ். அப்புறம் இவர்கள் ஊர் ஆகஸ்ட் வெயில். அப்புறம் அப்பாவின் வருஷத் திதிக்காக மூன்று வாரம் மன்னார்குடி. திரும்பி வந்து, ஒரு புத்தம்புது நூறு யென் காசைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது செப்டம்பர் கடைசி.

தட்டி காலி. டப்பா மட்டும் இருந்தது. ஜன்னல்களில் மரப்பலகை இழுத்து மூடியிருந்தது. வாசலில் புல்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஒரு வெள்ளைக் குட்டி லாரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய தாத்தா, கறுத்த என் முகத்தையும் மாமாசாரியையும் மேலும் கீழும் பார்த்தார். 'சரி, மறுபடியும் அட்டையை எடுக்க வேண்டியதுதான்' என்று பர்ஸில் கை வைத்தேன்.

"நூறு யென் இந்தோவா?" என்றார் தாத்தா.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு வருஷத்தில் என்னை ஜப்பானில் ஒருவர் 'இன்னார்' என்று அடையாளம் கண்டுகொண்டது அதுதான் முதல் தடவை! பாட்டி சந்து முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். 'ஒரு இந்தோ வருவான், நூறு யென் தரணும், மாமாசாரியில வருவான்' என்று. குறையாக அல்ல, செய்தியாக.

நம்ம ஊர் என்றால் என்ன? யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சி கடையில் நம் பேரில் ஒரு பக்கம் இருக்கிற ஊர்தானே! ரொக்கம் கொடுத்து வாங்குகிறவன் எந்த ஊரிலும் வாங்கலாம். திரும்பி வருவான் என்று நம்புகிறவனுக்குத்தான் கடன் கொடுப்பார்கள். நான் திரும்பி வரத்தான் தாமதமாகிவிட்டது.

பாட்டி ஆகஸ்டில் வழுக்கி விழுந்துவிட்டாராம். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரி முடிந்து இப்போது சைதாமாவில் பெண் வீட்டில். 'திரும்பி வருவாரா?' என்று கேட்டேன். தாத்தா மலையைப் பார்த்தார். ஜப்பானில் கேள்விக்கு நேரே பதில் சொல்லவில்லை என்றால் அதுதான் பதில்.

2023-ல் எடுத்த கணக்குப்படி இந்த நாட்டில் காலியாகக் கிடக்கிற வீடுகள் 90 லட்சம். என் வழியிலேயே எத்தனையோ பார்த்திருக்கிறேன். கூரையைத் துளைத்துக்கொண்டு மூங்கில் வளர்ந்த வீடு, தபால்பெட்டி வாயில் டேப் ஒட்டிய வீடு. அவை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போன வீடுகள். இது நான் கடன்பட்ட வீடு.

காசை நீட்டினேன். தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது உனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் எப்படி வாங்கறது?" என்றார். பிறகு செல்போனை எடுத்து சைதாமாவுக்கே பேசி, என் காதில் வைத்தார்.

"நீசான்! கத்தரிக்கா நல்லா இருந்துதா?" அதே குரல், கொஞ்சம் மெலிந்து.

கடனைப் பற்றிப் பேச்சே எடுக்கவிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் 'காகி' மரம் இருக்கிறதாம். தக்காளி மாதிரி உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில் காய்க்கிற பழம். நவம்பரில் பழுக்கும். பறிக்காமல் விட்டால் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கிவிடும், சந்துக்கே தொல்லை. தாத்தாவால் ஏணி ஏற முடியாது. "நீ வந்து பறிக்கிறாயா?"

நவம்பர் முதல் ஞாயிறு. இந்த முறை மனைவியும் வந்தாள், அவளுக்கென்று ஒரு மாமாசாரி வாடகைக்கு எடுத்துக்கொண்டு. நான் ஏணியில். தாத்தா கீழே நின்றுகொண்டு, "அபுநாய்! அபுநாய்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். மனைவி நாயைத் தேடினாள். 'ஆபத்து, பார்த்து' என்று அர்த்தம். பறித்த பழத்தை ஐந்து ஐந்தாக இருபது பை போட்டு, பாட்டியின் தட்டியில் அடுக்கினோம். பிஸ்கட் டப்பாவைத் துடைத்து வைத்தோம். சேருகிற காசைப் புது வருஷத்துக்கு வீட்டைப் பார்க்க வரும் பாட்டியின் பெண்ணிடம் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

வாக்கிங் வந்த பாட்டிகள், சைக்கிள் பாதையில் போகிற டோக்கியோ பையன்கள், தாத்தாவின் சிநேகிதர்கள். ஒரு பாட்டி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நூறு யென் இந்தோவோட சம்சாரமா?" என்று கேட்டார். 'ஊர் பேசப்போகிறது' என்று பயந்தவள், ஊர் பேசுவதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

மாலை ஐந்து மணி. கிராமத்து ஒலிபெருக்கியில், விளையாடுகிற பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் அந்த மெல்லிய இசை வயல்மேல் பரவியது. சந்தில் பிள்ளைகள் யாருமில்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

தட்டியில் எட்டுப் பை மிச்சம். ஆக, விற்றது பன்னிரண்டு. தாத்தா டப்பாவைத் திறந்து, காசுகளைத் திண்ணையில் வரிசையாக அடுக்கினார். ஒரு தடவை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பதின்மூன்று. அதில் ஒன்று மட்டும் புத்தம்புதுசாக மின்னியது.

தாத்தா காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கூடுதல், தப்பே..." என்றார் மெதுவாக.

"தப்பே இல்லை, தாத்தா!" என்றேன், தமிழிலேயே.